எட்டு தள்ளிப் போச்சு

விரிப்பின் ஒரு பக்கத்தை நர்ஸ் யோலண்டாவும் மறுபக்கத்தை ஆர்டிஸும் சுருட்டிப் பிடித்துக்கொண்டு, ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணி வென்டலை இடப்பக்கமாகத் திருப்பினார்கள்.

“எட்டு,” என்றான் அவன், கண்ணைத் திறக்காமலே.

“மூணோட ஆச்சுடா. திருப்பியாச்சு,” என்றாள் ஆர்டிஸ்.

“எட்டு... தள்ளிப் போச்சு.”

“எதுவும் தள்ளிப் போகலை. நீ நடு மெத்தையிலதான் கெடக்கறே.”

யோலண்டா அவன் முதுகுக்குப் பின்னால் ஒரு தலையணையைச் சொருகினாள். முழங்கால்களுக்கு நடுவில் இன்னொன்று. ஒரு காலத்தில் இந்த வீட்டு வாசற்கதவைக் கழற்றித் தோளில் வைத்துக்கொண்டு நடந்த ஆள். இப்போது அவனை இரண்டு பெண்களால் மூச்சு வாங்காமல் புரட்டிப்போட முடிந்தது. ஆனால் விரல்கள் மட்டும் ஓயவில்லை. போர்வையின் மேல் பத்து விரல்களும் எதையோ தட்டுவதும், நிறுத்துவதும், அழிப்பதும், மறுபடி தட்டுவதுமாக இருந்தன.

“கடைசி நாள்ல இப்படி வரும்,” என்றாள் யோலண்டா. “துணியப் புடிச்சு இழுப்பாங்க. எழுந்து போகணும்பாங்க. சிலர் எண்ணுவாங்க. பதினோரு மணி மருந்தோட அமைதிப்படுத்தறதையும் சேர்த்துக் குடுத்துடுவோம். அவருக்கும் நிம்மதி, உங்களுக்கும் நிம்மதி.”

“எனக்கென்ன, நான் நல்லாத்தான் இருக்கேன்.”

காலையிலிருந்து ஆர்டிஸ் காப்பிப் பாத்திரத்தை மூன்று முறை கழுவியிருந்தாள். சர்ச்சிலிருந்து ஆளாளுக்குச் சமைத்துக் கொண்டுவந்து வைத்த கேசரோல் என்னும் உணவுத் தட்டுகளை ஃபிரிட்ஜில் தேதி வாரியாக அடுக்கினாள்; பிறகு வெளியே எடுத்து அளவு வாரியாக அடுக்கினாள். முப்பத்தொரு வருஷம் பள்ளிக்கூட பஸ் ஓட்டியவள். எழுபத்திரண்டு வயதிலும் நாற்காலியில் உட்கார்ந்தால் வலது கால் தானாகக் கீழே எதையோ மிதித்துத் தேடும். தம்பியின் அறையில் பத்து நிமிஷம் இருப்பாள், பிறகு எதற்காகவாவது எழுந்து போவாள், போனதும் திரும்பி வருவாள். வெளியே ஃபாரஸ்ட் குரோவ் ஊரின் பிப்ரவரி மழை, நிற்கவும் மாட்டாமல் வலுக்கவும் மாட்டாமல் தூறிக்கொண்டிருந்தது.

வாசல் மணி அடித்தபோது ஒன்பதே முக்கால். இன்னொரு கேசரோல்தான் என்று நினைத்துக் கதவைத் திறந்தாள்.

குள்ளமான ஒரு பெண் நின்றிருந்தாள். நாற்பத்தைந்து வயதிருக்கும். மழைக்கோட்டுக்குள் ஒரு லேப்டாப் பையைக் குழந்தையைப் போல நெஞ்சோடு அணைத்திருந்தாள்.

“நான் நோரிகோ ஹயாமா. வென்டலுக்கு என்னைத் தெரியும். ஆனா பாத்ததில்லை.”

“எந்த நோரிகோ? மெயில் நோரிகோவா?”

“ஆமாங்க.”

“நீ ஜப்பான்ல இருக்கேன்னுல்ல நெனச்சேன்! ஒன்பது வருஷமா உன் பேரைச் சொல்லிச் சொல்லித் திட்டறான்.”

“பீவர்ட்டன்ல இருக்கேன்.”

“பீவர்ட்டனா? பதினஞ்சு மைல்!” ஆர்டிஸ் கதவை விட்டு விலகவே மறந்துபோனாள். “ஒரு நாள் கூடவா வரணும்னு தோணலை?”

நோரிகோ யோசித்தாள். “எல்லாம் மெயில்லயே பேசிட்டோமே,” என்றாள்.

சமையலறையில் உட்காரவைத்துக் காப்பி ஊற்றினாள் ஆர்டிஸ். அந்தப் பெண் கோப்பையைத் தொடவில்லை. திங்கட்கிழமையிலிருந்து ஐந்து மெயில் போட்டாளாம், பதில் இல்லையாம். அவனுக்கு உடம்பு முடியாதது தெரியும், ஜனவரியிலேயே எழுதியிருந்தான். ஒரே வரி. ‘கணையம். கோடை வரை தாங்காது. ஏழாம் எண் திருத்தத்தில் உன் பெயரிடும் முறை சரியில்லை.’

ஆர்டிஸுக்குச் சிரிப்பு வந்தது. அதே மூச்சில் கண்ணும் கலங்கியது. ஒரு துணியை எடுத்துத் துடைத்த மேஜையையே துடைத்தாள்.

“இப்ப என்ன விஷயம்? சொல்லு. அவன் செத்துக்கிட்டிருக்கான், பொண்ணே. சுத்தி வளைக்க நேரமில்லை.”

வென்டலின் வேலையை ஆர்டிஸ் ஊராரிடம் சொல்லும் விதம் ஒன்று உண்டு: “கம்ப்யூட்டருக்குப் போஸ்ட்மார்ட்டம் பண்றவன்.” பெரிய பெரிய இயந்திரங்கள் திடீரென்று விழுந்து சாகும். சாகிற நொடியில் தன் நினைவில் இருந்ததையெல்லாம் அப்படியே ஒரு கோப்பில் கொட்டிவிட்டுச் சாகும். அந்தக் கோப்பைத் திறந்து, கடைசியாக யார் எதைப் பிடித்திருந்தார்கள், எங்கே இடறியது என்று படித்துச் சொல்லும் கருவி வென்டலுடையது. முதலில் எழுதியவன் வேறு யாரோ. கைக்கு வந்து இருபத்திரண்டு வருஷமாகக் காப்பாற்றி வருகிறவன் இவன். காப்பாற்றுவதுதான் பாடு. கெர்னல் என்கிற அடிப்படையை உலகம் முழுக்க ஆயிரம் பேர் மாற்றி எழுதிக்கொண்டே இருக்கிறார்கள். ஒன்பது பத்து வாரத்துக்கு ஒரு முறை புதியது வரும். மூன்றாவது தட்டில் இருந்தது ஐந்தாவது தட்டுக்குப் போயிருக்கும். ஒன்று பேர் மாறியிருக்கும். ஒன்று இரண்டாகப் பிரிந்திருக்கும். கருவி புதிதையும் கற்க வேண்டும், பழசையும் மறக்கக் கூடாது. பதினைந்து வருஷத்துக்கு முந்தைய இயந்திரம் ஏதாவது ஒரு கிடங்கில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும், அதுவும் ஒரு நாள் சாகும்.

“எவனோ வீட்ட மாத்தி மாத்தி அடுக்குவான், நீ பின்னாடியே போய் உப்பு டப்பா எங்கேன்னு பாத்துக்கிட்டே இருப்பியா?” என்று ஆர்டிஸ் ஒரு காலையில் கேட்டாள்.

“ஆமா,” என்றான் அவன், ரொட்டியில் ஜாம் தடவிக்கொண்டே. அதற்கு மேல் விளக்கவில்லை. கம்பெனி சம்பளம் கொடுத்த வரைக்கும் செய்தான். ஓய்வு பெற்ற பிறகும் எட்டரை மணிக்கு உட்கார்ந்து அதையே செய்தான். ஆர்டிஸின் கணவன் இறந்து அவள் இந்த வீட்டுக்கு வந்த ஆறு வருஷத்தில் நன்றி சொல்லும் விருந்தன்றுகூட அவன் வான்கோழி வெட்டுவதற்கு முன்னால் மெயில் பார்த்தான்.

நோரிகோ இரண்டு கையையும் மேஜைமேல் வைத்தாள்.

“போன மாசம் யாரோ ஒருத்தர் ஒரு திருத்தம் அனுப்பினார். புது கெர்னலுக்காக. அதை வென்டல் சேர்த்துட்டார். அது தப்பு.”

“வேலை செய்யலையா?”

“வேலை செய்யுது. அதுதான் மோசம். நின்னுபோனா தெரிஞ்சிடும். இது நிக்காம பக்கத்து வீட்டுக்காரன் பேரைச் சொல்லுது. கொன்னவன் ஒருத்தன், கைகாட்டறது இன்னொருத்தனை.”

கிழக்கே ஒரு மாவட்டத்தில், அவசர அழைப்புகளை வாங்கும் நிலையத்தில், ஒரு இயந்திரம் விழுந்ததாம். கருவி காட்டிய பாகத்தை நம்பி அதை மாற்றியிருக்கிறார்கள். மறுபடி விழுந்தது. மறுபடி அதையே மாற்றினார்கள். மூன்றாவது முறை விழுந்தபோது பதினோரு நிமிஷம் எந்த அழைப்பும் போகவில்லை. அந்தப் பதினோரு நிமிஷத்தில் யாரும் சாகவில்லை என்று சொன்னார்களாம். கோப்பு நோரிகோவின் கம்பெனிக்கு வந்தது. அவள் இரண்டு நாள் உட்கார்ந்து பார்த்த பிறகுதான் பொய் சொல்வது கருவி என்று தெரிந்தது.

“அவங்களுக்குச் சொல்லிட்டேன். ஆனா இன்னிக்கு சாயங்காலம் அஞ்சு மணிக்கு, எல்லாருக்கும் சாஃப்ட்வேர் தொகுத்து அனுப்பற பெரிய விநியோகம் ஒண்ணு கதவை மூடறாங்க. அதுக்குள்ள எது இருக்கோ அதுதான் ஆறு மாசத்துக்கு எல்லா இடத்துக்கும் போகும்.”

“அப்பத் திருத்திப் போடேன். இங்க எதுக்கு வந்தே? அவன் தப்பை அவன் மூஞ்சில காட்டவா?”

“இல்லைங்க.” நோரிகோவின் முகம் சிவந்தது. “போடறதுக்கு எனக்கு அனுமதி இருக்கு. மூணு வருஷமா இருக்கு. ஆனா அவர் சரின்னு எழுதாம ஒரு வரி கூடப் போட மாட்டேன்னு வாக்குக் குடுத்திருக்கேன். போட்டதும் இல்லை. அவர்கிட்ட சொல்லணுமா, வேண்டாமான்னு உங்களைக் கேக்கத்தான் வந்தேன். வேண்டாம்னா திரும்பிப் போயிடறேன்.”

போய் என்ன செய்வாள் என்று அவள் சொல்லவில்லை. ஆர்டிஸ் எழுந்து ஜன்னலருகே போனாள். போன மாசம். மார்ஃபின் தொடங்கிய வாரம். புது மருந்து குடித்துவிட்டு, போர்வையைப் போர்த்திக்கொண்டு, லேப்டாப் முன்னால் அவன் தலை ஆடி ஆடி விழுந்ததை அவள் பார்த்திருக்கிறாள். ‘தூங்குடா’ என்றதற்கு, ‘ஒருத்தன் பத்து நாளா காத்திருக்கான், அக்கா’ என்றான்.

“வேண்டாம்,” என்றாள் ஜன்னலைப் பார்த்தபடி. “சொல்ல வேண்டாம். இருபத்திரண்டு வருஷம். கடைசி நாள்ல இதைக் கேட்டுட்டா போகணும்?”

“சரிங்க.” நோரிகோ பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

உள் அறையிலிருந்து குரல் வந்தது. “எட்டு.”

நோரிகோ நின்றாள். “என்ன சொல்றார்?”

“பிதற்றல். மூணு நாளா அதேதான். எட்டு தள்ளிப் போச்சாம்.”

நோரிகோ மெதுவாக மறுபடியும் நாற்காலியில் உட்கார்ந்தாள். மழைக்கோட்டிலிருந்து நீர் சொட்டித் தரையில் விழுந்தது.

“தப்பு அதுதான்,” என்றாள். “கெர்னல்ல புதுசா ஒரு இடம் முன்னாடி சேர்த்தாங்க. அதனால எல்லாம் எட்டு பைட் தள்ளிப் போச்சு. அந்தத் திருத்தம் பழைய இடத்தையே பாக்குது. அவருக்குத் தெரிஞ்சிருக்குங்க. எனக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கு.”

ஆர்டிஸ் கராஜ் பக்கமாகத் திரும்பிப் பார்த்தாள்.

திங்கட்கிழமை காலை அவன் லேப்டாப்பை இரண்டு கையாலும் பிடித்திருந்தான். விரல் தவறி விழுந்து விழுந்து ஒரு வார்த்தையைக்கூட எழுத முடியவில்லை. வேர்த்துக் கொட்டியது. ‘குடு அக்கா, ஒரே ஒரு வரி’ என்றான். அவள்தான் வெடுக்கென்று பிடுங்கினாள். ‘போதும்டா. செத்தாலும் அந்த மெஷினைக் கட்டிக்கிட்டுத்தான் சாவியா?’ என்றாள். கராஜில் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தபோது அவன் கண்ணை மூடிக்கொண்டிருந்தான். தூங்குகிறான் என்று நினைத்தாள். அன்று மதியத்திலிருந்துதான் விரல்கள் தட்டத் தொடங்கின.

யோலண்டா மருந்துக் குழலோடு அறைக்குள் போய்க்கொண்டிருந்தாள். ஆர்டிஸ் ஓடிப்போய் வழியை மறித்தாள்.

“குடுக்காதீங்க.”

“மணி பதினொண்ணாகப் போகுது, ஆர்டிஸ்.”

“இதைக் குடுத்தா பேசுவானா?”

“மாட்டார். தூங்கிடுவார்.”

“குடுக்கலைன்னா?”

யோலண்டா குரலைத் தாழ்த்தினாள். “கொஞ்ச நேரம் தெளிவு வரலாம், வராமலும் போகலாம். வலி மட்டும் நிச்சயம் வரும். அதை நீங்க பக்கத்துல நின்னு பாத்துக்கிட்டிருக்கணும். நான் இதை அவருக்கு விரோதமாப் பண்ண மாட்டேன். அவரைக் கேளுங்க.”

ஆர்டிஸ் கட்டிலோரம் குனிந்தாள். அவன் காதருகே வாயை வைத்தாள். அந்தக் காதில் இன்னும் சோப்பு வாசனை இருந்தது.

“டேய். வென்டல். எட்டு பைட் தள்ளிப் போச்சாமே.”

விரல்கள் நின்றன.

“நோரிகோ வந்திருக்கா. சரிபண்ணிக் கொண்டுவந்திருக்கா. மருந்து குடிச்சிட்டுத் தூங்கறியா, இல்லே அவளைப் பாக்கறியா?”

பிறகு உதடு பிரிந்தது. “மருந்து... வேண்டாம்.”

அரைமணி நேரம் ஆனது. வலி முதலில் வந்தது, தெளிவு அதற்குப் பின்னால் வந்தது. அவன் கத்தவில்லை, பல்லைக் கடித்துக்கொண்டு மூக்கால் மூச்சு விட்டான், பனியில் வண்டி இழுக்கும் மாட்டைப் போல. ஆர்டிஸ் ரூட் பியர் என்ற இனிப்புச் சோடாவில் பஞ்சை நனைத்து உதட்டில் வைத்தாள். வேறு எதையும் அவன் ஏற்கவில்லை. நோரிகோ சுவரோடு ஒட்டி நின்றிருந்தாள். கடைசியில் அவன் கண்ணைத் திறந்து அவளைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தான்.

“இவ்வளவு குள்ளமா?” என்றான். “மெயில் எல்லாம்... ரெண்டு பக்கம்.”

“நீங்க ஒரு வரி எழுதறதுக்கு நான் ரெண்டு பக்கம் எழுதினாத்தான் சரியாகும்.”

அவன் முகத்தில் ஏதோ அசைந்தது. சிரிப்பா வலியா என்று ஆர்டிஸுக்குத் தெரியவில்லை.

“நான் தப்பா... சேர்த்துட்டேன்.”

“ஆமா,” என்றாள் நோரிகோ. ஆர்டிஸ் அவளை முறைத்தாள். அவள் கவனிக்கவில்லை. “நானும் அன்னிக்குப் பாத்தேன். நானும் விட்டுட்டேன்.”

“படி.”

நோரிகோ தரையில் மண்டியிட்டு, லேப்டாப்பை மெத்தையோரம் வைத்து, வரி வரியாகப் படித்தாள். ஆர்டிஸுக்கு ஒரு வார்த்தையும் விளங்கவில்லை. சர்ச்சில் பைபிள் வாசிக்கிற தொனி அது. அவசரமில்லாமல், ஒவ்வொரு நிறுத்தத்திலும் நின்று. நடுவில் ஒரு முறை வலி ஏறி அவன் உடம்பு வில்லாய் வளைந்தது. நோரிகோ நிறுத்தினாள். அவன் தலையை ஆட்டினான். தொடர்ந்தாள்.

முடித்ததும் கேட்டான்: “எண்ணினியா? கேட்டியா?”

“கேட்டேன். கையால எண்ணலை. இடம் எங்கேன்னு கெர்னலோட குறிப்பையே கேக்குது.”

“பழசு?”

“ரெண்டாயிரத்துப் பதினாறு வரைக்கும் ஓட்டிப் பாத்தேன்.”

அவன் கண்ணை மூடினான். ‘சரி’ என்று சொல்லப்போகிறான் என்று ஆர்டிஸ் நினைத்தாள். அவள் முழு உடம்பும் அந்த ஒரு வார்த்தைக்காகக் காத்திருந்தது. சொன்னவுடன் யோலண்டாவைக் கூப்பிட வாயைத் திறந்து வைத்திருந்தாள்.

“கராஜ்ல,” என்றான் அவன். “அறுபத்துமூணு. எல்லாத்தையும்.”

“டேய், அஞ்சு மணிக்குக் கதவை மூடறாங்களாம்டா!”

“எல்லாத்தையும், அக்கா.”

யோலண்டா மருந்தைக் கொடுத்தாள். கால் மணியில் அவன் தாடை தளர்ந்தது. விரல்கள் போர்வைமேல் விரிந்து கிடந்தன, எதையும் தட்டவில்லை.

கராஜில் பெயின்ட் டப்பாக்களுக்கும் டயரில் மாட்டும் பனிச் சங்கிலிகளுக்கும் மேலே, வென்டலே அடித்த பலகைத் தட்டில் டிஸ்குகள் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றின் மேலும் அவன் கோணல் எழுத்தில் ஒரு வருஷம், ஒரு எண். நோரிகோ அந்தத் தட்டின் முன்னால் போய் நின்றாள்.

“இதெல்லாம் இவர்கிட்ட இருக்குன்னு சொல்லிக்கிட்டாங்க. நான் நம்பலை.”

“எனக்கு இதெல்லாம் குப்பை. போன வசந்தத்துல தூக்கிப் போடப் பாத்தேன், ஒரு வாரம் எங்கூடப் பேசலை. என்னதான் இது?”

“செத்துப்போன மெஷின்கள். எப்படிச் செத்ததுன்னு ஏற்கெனவே கண்டுபிடிச்சது. புதுத் திருத்தம் போட்டா இதுங்களும் பழைய பதிலையே சொல்லணும். சொன்னாத்தான் சரி.”

பன்னிரண்டரைக்கு முதல் டிஸ்கைச் செருகினாள். ஒவ்வொன்றும் மூன்று நிமிஷம், நான்கு நிமிஷம். அதன்பிறகு அந்தப் பகல் முழுக்க ஆர்டிஸ் கராஜுக்கும் அறைக்கும் நடுவே நடந்தாள். இங்கே வந்து அவன் மூச்சை எண்ணுவாள். அங்கே போய் டிஸ்கை எண்ணுவாள். ஒரு மணிக்கு ஒன்பது. இரண்டு மணிக்கு இருபத்தாறு. மூச்சு ஒரு நிமிஷத்துக்குப் பதினாலு. யோலண்டாவுக்கு வேறொரு வீட்டிலிருந்து அழைப்பு வந்தது. போகும்முன், பாதம் நீலம் பாய்ந்திருப்பதைக் காட்டினாள். “கூப்பிட்டா உடனே வர்றேன். எங்கேயும் தூரமாப் போயிடாதீங்க,” என்றாள். கராஜ் இருபது அடி. அது தூரமா என்று ஆர்டிஸ் கேட்கவில்லை.

ஒரு தட்டு கேசரோலைச் சுடவைத்துக் கராஜுக்குக் கொண்டுபோனாள். நோரிகோ நின்றபடியே தின்றாள். “டூனா மீனா?” என்றாள். “லூத்தரன் சர்ச் டூனா,” என்றாள் ஆர்டிஸ். இருவரும் ஒரு நொடி சிரித்தார்கள். சிரித்த உடனே ஆர்டிஸ் திரும்பி ஓடினாள்.

மூன்று நாற்பதுக்கு நோரிகோ அறை வாசலில் வந்து நின்றாள். முகம் வெளுத்திருந்தது.

“ஐம்பதாவது டிஸ்க்ல கருவி விழுந்துடுச்சு. ரெண்டாயிரத்து ஏழு. அந்தக் கெர்னல்ல நாம தேடற பேரே இல்லை. அதைவிடப் பழசு எல்லாத்துலயும் விழும்.”

ஆர்டிஸ் தம்பியின் கையைப் பிடித்திருந்தாள். மூச்சு இப்போது வேறு மாதிரி ஆகியிருந்தது. வரும், வரும், நிற்கும். நிற்கிற நேரம் நீளும். பிறகு எங்கிருந்தோ ஒன்று இழுத்துக்கொண்டு வரும்.

“அவர்கிட்ட ஒரே ஒரு வார்த்தை...”

“இனி அவன்கிட்ட எதுவும் கேக்க முடியாது, பொண்ணே.” ஆர்டிஸ் திரும்பவில்லை. “நீ இதை மெயில்ல எழுதியிருந்தா அவன் என்ன பதில் போடுவான்?”

நோரிகோ கதவு நிலையைப் பிடித்தாள். “முதல்ல பேர் இருக்கான்னு பாரு, அப்புறம் இடத்தைக் கேளு. இல்லைன்னா பழைய வழில போ.” ஒரு கணம் நின்று, “கூடவே, இது ஒன்பது வருஷம் முன்னாடியே உனக்குத் தெரிஞ்சிருக்கணும்னு,” என்றாள்.

“அப்ப அதையே பண்ணு. நிக்காதே, ஓடு.”

ஓடும் காலடி கேட்டது. கராஜ் கதவு அடித்துக்கொண்டது.

ஆர்டிஸ் அவன் பக்கத்தில் குனிந்தாள். சொல்ல நினைத்தது திங்கட்கிழமையைப் பற்றி. வாயில் வந்தது வேறு. “அந்த ஜாம் தீர்ந்துபோச்சுடா. உன்கூட மெயில்ல பேசற நார்வேக்காரன் அனுப்பினானே, அது. நேத்து நான்தான் வழிச்சுத் தின்னேன்.” மூச்சு வந்தது. நின்றது. மழைநீர் கூரைக்குழாயில் இறங்கும் ஓசையைக் கேட்டுக்கொண்டு அடுத்ததற்காகக் காத்திருந்தாள். அறுபது வரை எண்ணினாள். பிறகு நூறு வரை எண்ணினாள். பிறகு எண்ணுவதை விட்டாள். நான்கு மணி பன்னிரண்டு நிமிஷம்.

அவன் கண்ணாடியை எடுத்து, தன் சட்டை நுனியால் துடைத்து, மூக்கில் பதிந்திருந்த தடத்தின்மேல் திரும்ப வைத்தாள். அப்புறம் வேண்டாமென்று எடுத்து மடித்தாள். யோலண்டாவை அழைக்கப் போனைக் கையில் எடுத்தாள். அழைக்காமலே கராஜுக்கு நடந்தாள்.

நோரிகோ திரும்பிப் பார்க்கவில்லை. “ஐம்பது பாஸ். அதுக்கப்புறம் எல்லாம் பாஸ். இதெல்லாம் சின்னக் கோப்பு, ஒரு நிமிஷம் கூட ஆகலை. இது அறுபது.”

“இன்னும் எத்தனை?”

“மூணு.”

ஆர்டிஸ் பனிச் சங்கிலிகளின் பக்கத்தில் நின்றாள். சொன்னால் இந்தக் கை நின்றுவிடும் என்று தெரிந்தது. அறுபத்தொன்று. திரையில் வெள்ளை எழுத்துகள் ஏறிக்கொண்டே போயின. அறுபத்திரண்டு. கடைசி டிஸ்கில் ‘2001, முதல்’ என்று எழுதியிருந்தது. அது சுற்றத் தொடங்கவே நெடுநேரம் எடுத்தது. உள்ளே கரகரவென்று எதுவோ தேய்ந்தது. பிறகு எழுத்துகள் வந்தன.

“எல்லாம் பழைய பதிலைச் சொல்லிடுச்சு,” என்று நோரிகோ திரும்பினாள். “அவர்கிட்ட...”

“போடு.”

“அவர் சரின்னு...”

“போடுன்னு சொல்றேன்ல.”

நோரிகோ அவள் முகத்தைப் பார்த்தாள். கைகள் விசைகளின் மேலிருந்து மடிக்கு இறங்கின.

“எப்போ?”

“கொஞ்ச நேரம் ஆச்சு. அவன் சரின்னு சொல்லலை. எல்லாத்தையும்னுதான் சொன்னான். எல்லாம் ஆச்சு.” ஆர்டிஸின் குரல் உடைந்து, சட்டென்று ஏறியது. “இப்ப என்ன மணி? நாலு நாப்பது. உக்காந்துக்கிட்டு என்னைப் பாக்காதே. போடு!”

நோரிகோ புறங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு தட்டச்சு செய்தாள். ஒரு இடத்தில் நிறுத்தினாள்.

“என்ன?”

“இந்தத் தப்பைக் கண்டுபிடிச்சுச் சொன்னது யாருன்னு ஒரு வரி எழுதணும். நான் அவர் பேரைப் போடறேன்.”

“தப்பை உள்ள விட்டதும் அவன்தானே. அது?”

“அதுவும் பதிவுல இருக்கு. அதை மாத்த முடியாது. ரெண்டு இடத்துலயும் அவர் பேர்தான்.”

ஆர்டிஸ் யோசித்தாள். “இருக்கட்டும்,” என்றாள்.

ஒரு விசையைத் தட்டினாள் நோரிகோ. அவ்வளவுதான். மணி அடிக்கவில்லை, விளக்கு எரியவில்லை. ஆர்டிஸ் இன்னும் ஏதோ நடக்குமென்று நின்றிருந்தாள். “போயிடுச்சா?” என்றாள். “போயிடுச்சுங்க.”

யோலண்டா வந்து, மார்பில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கேட்டு, நேரம் எழுதினாள். ஆர்டிஸ் சொன்ன நேரத்தையே எழுதினாள். அழைக்க ஏன் தாமதம் என்று கேட்கவில்லை. ஆறு மணிவாக்கில் இறுதிச்சடங்கு நிலையத்திலிருந்து கறுப்புக் கோட்டு போட்ட இருவர் வந்தார்கள். நோரிகோவின் கார் வழியை அடைத்திருந்தது. அவள் மழையில் ஓடிப்போய்ப் பின்னால் எடுத்தாள். புல்லில் ஏற்றி, தபால் பெட்டியை ஒட்டி நிறுத்திவிட்டு, அவர்கள் அவனைக் கொண்டுபோகும்வரை காருக்குள் போகாமல் நனைந்துகொண்டு நின்றாள். போகும்போது ஆர்டிஸிடம் கை நீட்டினாள். ஆர்டிஸ் அந்தக் கையில் ஒரு கேசரோல் தட்டை வைத்தாள். “தட்டைத் திருப்பிக் கொண்டுவரணும்,” என்றாள். “பதினஞ்சு மைல்தானே.”

கார் விளக்குகள் தெரு முனையில் திரும்பி மறைந்த பிறகு கதவைச் சாத்தினாள். வீட்டுக்குள் எங்கோ மெல்லிய இரைச்சல் கேட்டுக்கொண்டிருந்தது. ஃபிரிட்ஜ் இல்லை. ஹீட்டரும் இல்லை. ஓசையைத் தொடர்ந்து அறைக்கு வந்தாள்.

கட்டிலின் காலடியில் மாட்டியிருந்த சின்ன பம்ப் ஓடிக்கொண்டிருந்தது. படுக்கைப் புண் வராமலிருக்க வாடகைக்கு வந்த காற்று மெத்தை. இடப்பக்கம் உப்பும், தாழும், வலப்பக்கம் உப்பும். அதை நிறுத்த வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. ஆர்டிஸ் குனிந்து சுவிட்சைத் தேடிக் கண்டுபிடித்தாள். விரலை அதன்மேல் வைத்தாள். மற்ற கையை, தடுமாறாமல் இருக்க, மெத்தைமேல் ஊன்றினாள்.

உள்ளங்கைக்குக் கீழே அந்தப் பக்கம் மெல்ல எழுந்து வந்தது.